வெப்பத்தின் நான்கு விதிகளும் தானாக ஓடும் ஜெனரேட்டரும்

2022 மார்ச் மாதக் கடைசி. நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. பெற்றோல் வரிசை, டீசல் வரிசை, கேஸ் வரிசை என்று சனங்கள் வெயிலில் நின்ற காலம். நோன்புக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு, என்னிடம் உயர்தரம் படித்த பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். மோட்டார் சைக்கிள் திருத்தும் சிறிய கடையொன்று வைத்திருப்பவர். கையில் ஒரு தாள், அதில் ஒரு படம்.

படத்தில் ஒரு பற்றரி, ஒரு மோட்டார், ஒரு பெல்ட், ஒரு டைனமோ. பற்றரி மோட்டாரைச் சுழற்றும். மோட்டார் டைனமோவைச் சுழற்றும். டைனமோ பற்றரியைத் திரும்ப சார்ஜ் பண்ணும். இடையில் வீட்டுக்கு வேண்டிய மின்சாரமும் கிடைக்கும். எண்ணெய் தேவையில்லை, வெயில் தேவையில்லை.

“சேர், ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணினா போதுமாம். பொறவு அதுட பாட்டுக்கு ஓடுமாம். வீடியோவுலயும் பார்த்தன். ரெண்டு லட்சம் கேக்குறாங்க. இருபத்தஞ்சாயிரம் அட்வான்ஸ் குடுத்துட்டன். மிச்சத்துக்கு உம்மாட சங்கிலிய அடகு வெக்கலாம் எண்டு இரிக்கி. தங்கச்சிக்கு எக்ஸாம் வருது, இருட்டுல படிக்க ஏலாம இரிக்கா. நீங்க என்ன சொல்றீங்க?”

“மகன், நீங்க பௌதிகவியல்ல என்ன எடுத்தீங்க?” என்று கேட்டேன்.

“பீ எடுத்தன் சேர். வெப்பவியக்கவியல் கணக்கெல்லாம் சரியாத்தான் செஞ்சன்.”

அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில் அவர் நீட்டிய அந்தப் படத்தை நிராகரிக்கும் விதியை அவருக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான்தான். அவரும் அதைப் பாடமாக்கிப் பரீட்சையில் எழுதிப் புள்ளியும் எடுத்துவிட்டார். ஆனால் உம்மாவின் சங்கிலியைக் காப்பாற்ற அது உதவவில்லை. ஒரு விதியைச் சமன்பாடாகப் படித்தவருக்கு அது உலகத்தைப் பற்றிய விதி என்பது விளங்காமல் போனால், பிழை மாணவரிடம் மட்டும் இல்லை.

இந்தக் கட்டுரை அந்த இரவில் எழுந்த யோசனையின் தொடர்ச்சி. வெப்பவியக்கவியலின் நான்கு விதிகளும் என்ன சொல்கின்றன, அந்த ஜெனரேட்டர் ஏன் ஓடாது என்பதை, கணக்குத் தெரியாதவர்களுக்கும் விளங்கும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

பூச்சிய விதி: கையை நம்பாதே

விதிகளின் இலக்கம் பூச்சியத்திலிருந்து தொடங்குவது பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருக்கும். காரணம் இதுதான்: முதலாம், இரண்டாம் விதிகள் 19ஆம் நூற்றாண்டிலேயே நிலைபெற்றுவிட்டன. அவற்றுக்கும் அடிப்படையாக இன்னொன்று இருக்கிறது, அதையும் இந்த விதிகளின் வரிசையில் சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் 1930களில்தான் வந்தது. ஒன்றுக்கு முன்னால் வைக்க வேறு இலக்கம் இல்லாததால் அது பூச்சிய விதி ஆயிற்று.

அது சொல்வது: இரண்டு பொருட்கள் தனித்தனியே மூன்றாவது ஒரு பொருளுடன் வெப்பச் சமநிலையில் இருந்தால், அவ்விரண்டும் தமக்குள்ளும் வெப்பச் சமநிலையில் இருக்கும். இதிலென்ன இருக்கிறது என்று கேட்கலாம். அந்த மூன்றாவது பொருள்தான் வெப்பமானி. இங்கே ஒரு நோயாளியின் வாயில் வைத்த வெப்பமானியும் கொழும்பில் இன்னொருவரின் வாயில் வைத்த வெப்பமானியும் 39 பாகை காட்டினால், இருவரையும் ஒன்றாக நிறுத்திப் பார்க்காமலேயே ஒரே அளவு காய்ச்சல் என்று சொல்லிவிடுகிறோம். அந்த உரிமையைத் தருவது பூச்சிய விதி.

கை அந்த வேலையைச் செய்யாது. இரவு முழுவதும் குசினியில் கிடந்த எவர்சில்வர் கரண்டியையும் சிரட்டை அகப்பையையும் காலையில் தொட்டுப் பாருங்கள். கரண்டி குளிரும், அகப்பை குளிராது. ஆனால் இரண்டும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. உலோகம் கையிலிருந்து வெப்பத்தை விரைவாக இழுக்கிறது, சிரட்டை மெதுவாக இழுக்கிறது. கை உணர்வது வெப்பநிலையை அல்ல, வெப்பம் பாயும் வேகத்தை.

இன்னொரு மயக்கமும் இங்கே தீர வேண்டும். நோன்புக் கஞ்சிக் கிடாரத்திலிருந்து ஒரு கோப்பை கஞ்சி அள்ளுகிறோம். கோப்பையிலும் கிடாரத்திலும் வெப்பநிலை ஒன்றே. ஆனால் கோப்பை கால் மணித்தியாலத்தில் ஆறிவிடும், கிடாரம் மஃரிப் வரைக்கும் சுடும். கிடாரத்தில் திணிவு அதிகம், ஆகவே ஆறுவதற்கு அது வெளியேற்ற வேண்டிய வெப்பமும் அதிகம். வெப்பநிலை வேறு, வெப்பம் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியாத மாணவர் அடுத்த விதிகளில் தடுக்கி விழுவார்.

முதலாம் விதி: கணக்கில் ஒரு சதமும் காணாமற் போகாது

1840ஆம் ஆண்டு ஜூலியஸ் ரொபர்ட் மேயர் என்ற இளம் ஜேர்மன் வைத்தியர், டச்சுக் கப்பலொன்றில் வைத்தியராக யாவாத் தீவுக்குப் போனார். அக்காலத்தில் நோய்க்கு இரத்தம் வடிப்பது வழக்கம். சுரபாயாத் துறைமுகத்தில் மாலுமிகளின் நாளத்திலிருந்து வந்த இரத்தம் எதிர்பாராத அளவு சிவப்பாக இருந்தது. தவறுதலாக நாடியை வெட்டிவிட்டோமோ என்றுகூட அவர் பயந்தார். பிறகு யோசித்தார்: இந்த வெப்ப நாட்டில் உடலைச் சூடாக வைத்திருக்க அதிகம் தேவையில்லை. ஆகவே உடலுக்குள் உணவு குறைவாக எரிகிறது, ஒட்சிசன் குறைவாகச் செலவாகிறது, இரத்தம் சிவப்பாகவே திரும்புகிறது. அப்படியானால் உணவும், உடல் வெப்பமும், கை கால்கள் செய்யும் வேலையும் ஒரே பொருளின் வெவ்வேறு வடிவங்கள் அல்லவா? 1842இல் அவர் இதை எழுதி வெளியிட்டார். நம்மைப் போன்றதொரு வெப்பமண்டலக் கரையில் முளைத்த யோசனை இது.

அதே காலத்தில் இங்கிலாந்தில், மதுபானம் வடிக்கும் தொழிற்சாலைக்காரரின் மகனான ஜேம்ஸ் ஜூல், விழும் பாரங்களால் துடுப்பொன்றைச் சுழற்றி, நீர் எவ்வளவு சூடாகிறது என்று அளந்துகொண்டிருந்தார். நமது பாடநூலில் வரும் ‘யூல்’ என்ற அலகு இவருடைய பெயர்தான். ஒரு கிலோ நீரை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 4,200 யூல் வேலை வேண்டும். இந்த எண்ணை நம் நாட்டில் வைத்துப் பார்ப்போம். பம்பரகந்த நீர்வீழ்ச்சி 263 மீற்றர் உயரம். அவ்வளவு உயரத்திலிருந்து விழும் நீரின் சக்தி முழுவதும் அந்த நீரையே சூடாக்கினாலும், வெப்பநிலை 0.6 பாகைதான் கூடும். மறுபக்கம், தேநீருக்காக ஒரு லீற்றர் நீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொதிக்க வைக்கச் செலவாகும் சக்தி 294,000 யூல். 50 கிலோ அரிசி மூட்டையொன்றை 600 மீற்றர் உயரத்துக்குத் தூக்கும் வேலைக்கு அது சமம். வெப்பம் எவ்வளவு விலை உயர்ந்தது என்பது அப்போதுதான் விளங்கும்.

பாடநூலில் முதலாம் விதி இப்படி வரும்:

கொடுத்த வெப்பம் = உட்சக்தியின் அதிகரிப்பு + தொகுதி செய்த வேலை

இதை வரவுசெலவுக் கணக்காகப் பாருங்கள். உருளைக்குள் இருக்கும் வாயுவுக்கு 100 யூல் வெப்பம் கொடுத்தோம். அது ஆடுதண்டைத் தள்ளி 30 யூல் வேலை செய்தது. மிச்சம் 70 யூல் எங்கே? வாயுவுக்குள்தான் இருக்கிறது. மூலக்கூறுகள் இன்னும் வேகமாக ஓடுகின்றன, வெப்பநிலை கூடியிருக்கிறது. வந்தது, செலவானது, கையிருப்பு என்ற மூன்றே மூன்று நிரல்கள்.

வெப்பமே கொடுக்காமல் வாயுவைச் சூடாக்கவும் முடியும். சைக்கிள் பம்பினால் வேகமாகக் காற்றடித்தால் பம்பின் அடிப்பகுதி சுடுகிறது. அடுப்பு எதுவும் இல்லை. நமது கை வாயுவின் மீது செய்த வேலை, உட்சக்தியாகச் சேர்ந்தது. வெப்பம் உள்ளே வரவும் வெளியே போகவும் நேரமில்லாத இம்மாற்றத்தைத்தான் சேறலில்லா மாற்றம் என்கிறார்கள்.

மாணவர்கள் புள்ளி இழப்பது பெரும்பாலும் குறியில்தான். மேலே உள்ள சமன்பாட்டில் வேலை என்பது வாயு செய்த வேலை. வாயுவை நாம் அமுக்கினால் அது மறைக் குறி பெறும். இரசாயனவியலில் வேலையை வாயுவின் மீது செய்யப்பட்டதாகக் கொண்டு கூட்டி எழுதுவது வழக்கம். இரண்டும் ஒரே விதிதான், கணக்கை யாருடைய புத்தகத்தில் எழுதுகிறோம் என்பதுதான் வேறுபாடு. கடன் கொடுத்தவரின் கொப்பியில் வரவாக இருப்பது வாங்கியவரின் கொப்பியில் செலவாக இருப்பதைப் போல.

இந்த விதிப்படி, எதையும் உள்ளே எடுக்காமல் தொடர்ந்து வேலையை வெளியே தரும் இயந்திரம் இருக்க முடியாது. ஆசை மட்டும் பழையது. 12ஆம் நூற்றாண்டில் இந்தியக் கணித அறிஞர் பாஸ்கரர், ஆரைகளில் இரசம் நிரப்பிய, தானாகச் சுழலும் சக்கரமொன்றை எழுதி வைத்தார். ஐரோப்பாவிலும் பலர் வரைந்தார்கள். 1206இல் தியார்பகிரில் தமது நூலை முடித்த அல்-ஜஸரி, நீர் இறைக்கும் பொறிகளைப் பற்றி எழுதியபோது, அவற்றை ஓட்டுவது எது என்பதையும் காட்டினார்: சில விலங்கால் ஓடின, சில ஓடும் ஆற்றால் ஓடின. 1775இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகம், முடிவின்றித் தானாக ஓடும் இயந்திரம் பற்றிய எந்த விண்ணப்பத்தையும் இனிப் பரிசீலிப்பதில்லை என்று தீர்மானித்தது. நமது ஊருக்கு அந்தத் தீர்மானம் இன்னும் வந்து சேரவில்லை.

மாணவர் கேட்ட நல்ல கேள்வி

மறுநாள் மாலை அவரை வரச் சொல்லி இவ்வளவும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். நான் படிப்பித்த காலம் முழுவதும் வகுப்பில் யாரும் கேட்காத கேள்வி.

“சேர், சக்தி அழியாது எண்டுதானே முதலாம் விதி சொல்லுது? அப்ப பல்ப் எரிஞ்ச பொறவும் அந்த சக்தி எங்கயோ இரிக்கத்தானே வேணும். அதயே புடிச்சித் திரும்பத் திரும்ப பாவிச்சா என்ன?”

மிக நியாயமான கேள்வி. முதலாம் விதி மட்டும் தெரிந்தவருக்கு இந்த ஆசை வரத்தான் செய்யும். இன்னும் பெரிதாகக் கேட்கலாம். நமது தீவைச் சுற்றிக் கடல். ஒரு கனமீற்றர் கடல்நீரின் வெப்பநிலையை ஒரே ஒரு பாகை குறைத்து, வரும் வெப்பம் முழுவதையும் மின்சாரமாக்கினால் ஒரு யூனிட்டுக்கும் சற்று அதிகமாகவே கிடைக்கும். நுரைச்சோலை அனல்மின் நிலையம் கடற்கரையிலேயே இருக்கிறது. 300 மெகாவாட் வீதம் மூன்று அலகுகள், மொத்தம் 900 மெகாவாட். பக்கத்தில் இவ்வளவு சக்தியுள்ள கடல் கிடக்க, எதற்காக வெளிநாட்டிலிருந்து கப்பல் கப்பலாக நிலக்கரி கொண்டுவந்து எரிக்கிறோம்? கடல் வெப்பத்தை எடுப்பதற்கு முதலாம் விதி ஒரு தடையும் சொல்லவில்லை.

தடை சொல்வது இரண்டாம் விதி.

இரண்டாம் விதி: எவ்வளவு என்பதல்ல, எந்தப் பக்கம் என்பதே கேள்வி

சுடு தேநீர் ஆறுகிறது. ஆறிய தேநீர், அறையிலிருக்கும் வெப்பத்தை இழுத்துத் தானாகச் சுடுவதில்லை. சுட்டாலும் முதலாம் விதி மீறப்படாது, கணக்குச் சரியாகவே இருக்கும். ஆனாலும் அது நடப்பதில்லை. ஆகவே சக்தியின் அளவைச் சொல்லும் விதியோடு, மாற்றத்தின் திசையைச் சொல்லும் விதியும் வேண்டும்.

1850இல் கிளௌசியஸ் சொன்ன கருத்து: வேறு மாற்றம் எதுவும் இல்லாமல், குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்கு வெப்பம் தானாகப் பாயாது. அடுத்த ஆண்டு கெல்வின் சொன்ன கருத்து: ஒரே வெப்பநிலையிலுள்ள ஒரு மூலத்திலிருந்து வெப்பத்தை எடுத்து, அதை முழுவதும் வேலையாக மாற்றிக்கொண்டே இருக்கும் இயந்திரம் இல்லை. இரண்டும் வேறு வேறாகத் தெரிந்தாலும், ஒன்றை மீறினால் மற்றதும் மீறப்படும் என்று காட்டலாம்.

இதற்கு அத்திவாரமிட்டவர் சாடி கார்னோ என்ற பிரெஞ்சு இளைஞர். 1824இல் சிறிய நூலொன்று எழுதினார். 1832இல் 36 வயதில் கொலரா நோயால் மரணமானார். அவர் கண்டது இதுதான்: ஆலைச் சக்கரம் சுழல வேண்டுமென்றால் நீர் மேலிருந்து கீழே விழ வேண்டும். குளத்தில் எவ்வளவு நீர் இருந்தாலும், விழ இடமில்லாவிட்டால் சக்கரம் சுழலாது. வெப்ப எஞ்சினும் அப்படித்தான். சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு வெப்பம் இறங்கும்போதுதான் வேலை கிடைக்கும். கடல் என்பது மேடு பள்ளமில்லாத பெரிய குளம். அதில் வெப்பம் கோடிக் கணக்கில் இருக்கிறது, ஆனால் இறங்குவதற்கு அருகில் பள்ளம் இல்லை. ஆழ்கடலின் குளிர்நீரை மேலே கொண்டுவந்தால் சிறிய பள்ளமொன்று கிடைக்கும், அதைப் பயன்படுத்தும் முயற்சிகளும் உலகில் உண்டு. ஆனால் மேலே 27 பாகை, கீழே 5 பாகை என்றால் நூற்றுக்கு 7 பங்குக்குச் சற்று மேல்தான் உச்ச எல்லை.

இந்த எல்லையைக் கணக்கிட ‘எந்திரப்பி’ என்ற கருத்து வேண்டும். பிள்ளைகள் பயப்படும் சொல் இது. 1865இல் கிளௌசியஸ் இதற்குப் பெயர் வைத்தார். ஒரு பொருள் பெறும் வெப்பத்தை அதன் தனிவெப்பநிலையால், அதாவது கெல்வின் அளவால், வகுத்தால் அதன் எந்திரப்பி எவ்வளவு கூடியது என்று வரும். சிறிய உதாரணம் ஒன்று. 600 கெல்வினில் உள்ள பொருளிலிருந்து 600 யூல் வெப்பம் வெளியேறுகிறது: 600 ஐ 600 ஆல் வகுக்க 1. அதன் எந்திரப்பி 1 குறைந்தது. அதே 600 யூல், 300 கெல்வினில் உள்ள பொருளுக்குப் போய்ச் சேருகிறது: 600 ஐ 300 ஆல் வகுக்க 2. இதன் எந்திரப்பி 2 கூடியது. மொத்தத்தில் 1 கூடியிருக்கிறது. இரண்டாம் விதி சொல்வது: எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எந்திரப்பி ஒருபோதும் குறையாது. வெப்பம் எதிர்த்திசையில் பாய்ந்தால் மொத்தம் 1 குறைய வேண்டியிருக்கும். ஆகவே அது நடக்காது.

இப்போது நடுவில் ஓர் எஞ்சினை வைப்போம். சூடான பக்கம் 600 யூல் கொடுத்து எந்திரப்பியில் 1 இழந்துவிட்டது. அந்த இழப்பைக் குளிர்ந்த பக்கம் ஈடுசெய்ய வேண்டும். 300 கெல்வினில் 1 கூட வேண்டுமென்றால் குறைந்தது 300 யூல் அங்கே கொட்டியாக வேண்டும். மிச்சம் 300 யூல்தான் வேலைக்கு. எவ்வளவு திறமையான பொறியியலாளர் செய்தாலும் இந்த எஞ்சினின் வினைத்திறன் பாதிக்கு மேல் போகாது. பாடநூலில் வரும் ‘ஒன்றிலிருந்து குளிர் வெப்பநிலையின் கீழ் சூடு வெப்பநிலை என்ற பின்னத்தைக் கழிக்க’ என்ற சூத்திரம் இவ்வளவுதான். அதைப் பாடமாக்கத் தேவையில்லை, வேண்டும்போது கட்டியெழுப்பலாம்.

நிலக்கரி நிலையத்துக்கு வருவோம். இவ்வகை நிலையங்களில் நீராவி சுமார் 540 பாகை செல்சியஸ், அதாவது 813 கெல்வின். கடல்நீர் 30 பாகை, 303 கெல்வின். கார்னோவின் எல்லை ஏறத்தாழ நூற்றுக்கு 63. உராய்வு, புகைபோக்கியால் போகும் வெப்பம் முதலிய இழப்புகளைக் கழித்தால் நடைமுறையில் இதைவிடக் கணிசமாகக் குறையும். நூற்றுக்கு 36 என்று வைத்துக்கொண்டால், 900 மெகாவாட் மின்சாரம் எடுக்க 2,500 மெகாவாட் அளவில் வெப்பம் வேண்டும். 1,600 மெகாவாட் வீணாகிறது, அதில் பெரும்பங்கு குளிர்விக்கும் நீரோடு போகிறது. வீட்டில் ஒரு பல்பை அணைத்தால் அதைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு சக்தியுள்ள நிலக்கரி மிச்சமாகும் என்பது இதன் மறுபக்கம்.

“அப்ப பிரிட்ஜ் என்ன செய்யுது? குளிரிலிருந்து சூட்டுக்குத்தானே வெப்பத்த அனுப்புது?” என்று கேட்கலாம். ஆம், ஆனால் தானாக அல்ல. பெட்டிக்குள்ளிருந்து 200 யூல் வெப்பத்தை இறைக்க மின்சாரம் 100 யூல் வேலை செய்தால், பின்பக்கக் குழாயால் அறைக்குள் 300 யூல் வரும். அதனால்தான் பிரிட்ஜின் பின்பக்கம் சுடுகிறது. சூடு தாங்காமல் கதவைப் பூட்டிய அறையில் பிரிட்ஜைத் திறந்து வைத்தால் அறை குளிராது, இன்னும் சூடாகும். ஏசி குளிர்விப்பதற்குக் காரணம், அதன் சூடான பகுதி சுவருக்கு வெளியே இருப்பதே.

அத்தர் ஏன் குப்பிக்குத் திரும்புவதில்லை

இந்த விதி ஏன் இப்படி இருக்கிறது? ஒஸ்திரியாவைச் சேர்ந்த போல்ட்ஸ்மன் கொடுத்த விடை, எண்ணிப் பார்ப்பது. அத்தர்க் குப்பியைத் திறந்து வைத்தால் வாசம் அறை முழுவதும் பரவுகிறது. பரவிய வாசம் குப்பிக்குள் திரும்புவதில்லை. மூலக்கூறுகளைத் தடுப்பவர் யாருமில்லை, அவை எங்கும் போகலாம். ஆனால் பரவியிருக்கும் வழிகள் எண்ணற்றவை, குப்பிக்குள் அடங்கியிருக்கும் வழிகள் மிகச் சில.

அறையை இரண்டாகப் பிரித்து நினைத்துக்கொள்ளுங்கள். 10 மூலக்கூறுகளும் ஒரே நேரத்தில் இடப்பக்கம் இருக்க வாய்ப்பு 1,024இல் ஒன்று. அது அவ்வப்போது நடக்கலாம். 100 மூலக்கூறுகள் என்றால், ஒன்றுக்குப் பின்னால் 30 பூச்சியங்கள் போட்ட எண்ணில் ஒன்றுக்கும் குறைவு. உண்மையான அறையில் உள்ள மூலக்கூறுகளின் தொகையோ சொல்லி முடியாதது. இரண்டாம் விதி ‘நடக்காது’ என்று சொல்வதன் பொருள் இதுதான். போல்ட்ஸ்மனின் பெயரால் நாம் அறியும் அந்தச் சமன்பாடு வியன்னாவில் அவருடைய கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ‘எல்லாம் சீர்குலையும் என்பது விஞ்ஞான விதி’ என்று மேடைகளிலும் கட்டுரைகளிலும் சிலர் சொல்வதுண்டு. விதி அப்படிச் சொல்லவில்லை. மொத்த எந்திரப்பி குறையாது என்றே சொல்கிறது. ஓரிடத்தில் குறையலாம், அதைவிட அதிகமாக வேறிடத்தில் கூடினால் போதும். பிரிட்ஜுக்குள் நீர் ஒழுங்கான பனிக்கட்டியாகிறது, அறைக்குள் வெப்பம் கொட்டப்படுகிறது. வித்து மரமாகிறது, சூரியனிலிருந்து ஒளி வந்துகொண்டே இருக்கிறது. மேடையில் பயன்படுத்துவதற்கு முன் ‘மொத்தம்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாம் விதி: தொட முடியாத அடி

மூன்றாம் விதி 1906இலிருந்து நேர்ன்ஸ்ட் என்ற ஜேர்மன் இரசாயனவியலாளர் வளர்த்தெடுத்தது. பூச்சியம் கெல்வின் என்பது மறை 273.15 பாகை செல்சியஸ். இதற்குத் தனிப்பூச்சியம் என்று பெயர். அதை நெருங்க நெருங்க, குறைபாடற்ற பளிங்கொன்றின் எந்திரப்பி பூச்சியத்தை நோக்கிப் போகும். அதன் விளைவாக, எண்ணிக்கைக்கு உட்பட்ட படிகளில் எந்தப் பொருளையும் தனிப்பூச்சியத்துக்குக் கொண்டுவர முடியாது. ஒவ்வொரு படியிலும் மிச்சமிருப்பதில் ஒரு பங்குதான் குறையும். ஆய்வுகூடங்களில் ஒரு பாகையின் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே போயிருக்கிறார்கள், பூச்சியத்தை யாரும் தொடவில்லை. கார்னோவின் சூத்திரத்தில் குளிர்ந்த பக்கத்தைப் பூச்சியமாக்கினால் வினைத்திறன் நூற்றுக்கு நூறு வரும். அந்தக் கதவும் இப்படிப் பூட்டப்படுகிறது.

மீண்டும் அந்தப் படம்

மூன்றாம் நாள் அவருடைய கடைக்கே போனேன். பழைய மோட்டார் ஒன்றும் வாகன டைனமோ ஒன்றும் அங்கே இருந்தன. விலை கொடுத்து வாங்குவதற்கு முன் நாமே செய்து பார்ப்போம் என்றேன். பூட்டினோம், ஓடியது. அவருடைய முகம் மலர்ந்தது. கொஞ்ச நேரத்தில் சத்தம் இறங்கியது, பிறகு நின்றது. “கைய வெச்சுப் பாருங்க” என்றேன். மோட்டார் சுட்டது, டைனமோ சுட்டது, பெல்ட்டும் சுட்டது.

தாளில் பொதுவான அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டோம். பற்றரி 100 பங்கு கொடுத்தால் மோட்டார் 75 பங்கைச் சுழற்சியாக்கும். பெல்ட்டைக் கடந்து 72. டைனமோவிலிருந்து மின்சாரமாக 40. பற்றரிக்குள் சேர்வது 32. இரண்டாம் சுற்றில் 10. மூன்றாம் சுற்றில் 3. பல்ப் ஒன்றுகூட இன்னும் எரியவில்லை. காணாமற்போன 97 பங்கும் அழியவில்லை, முதலாம் விதி சரியாகவே இருக்கிறது. எல்லாம் கடைக்குள் வெப்பமாகப் பரவிவிட்டது. அதைத் திரும்பப் பொறுக்கியெடுக்க, கடைக்காற்றைவிடக் குளிர்ந்த பள்ளமொன்று வேண்டும். அது இல்லை.

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப சேர், இந்த மெஷின் கரண்ட உண்டாக்கல்ல. பற்றரில இரிக்கிறதத்தான் விரயம் பண்ணுது” என்றார்.

இதைத்தான் நான் வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த 12 வோல்ட் பற்றரி 60 அம்பியர் மணித்தியாலம் கொண்டது. 12 ஐ 60 ஆல் பெருக்க 720 வாட் மணித்தியாலம். பற்றரி பழுதாகாமல் இருக்கப் பாதியை மட்டும் எடுத்தாலும் 360. அதற்கு 10 வாட் எல்ஈடி பல்ப் ஒன்றை நேரடியாகப் பூட்டினால் 36 மணித்தியாலம் எரியும். கரண்ட் வரும் நேரத்தில் சார்ஜ் பண்ணி, போகும் நேரத்தில் பாவிக்கலாம். மோட்டாரும் வேண்டாம், டைனமோவும் வேண்டாம். அன்று பின்னேரமே வயர் இழுத்தார். தங்கச்சி அந்த வெளிச்சத்தில் படித்தார். சங்கிலி வீட்டிலேயே இருந்தது. அட்வான்ஸ் கொடுத்த இருபத்தைந்தாயிரம் மட்டும் திரும்பவில்லை.

மின்வெட்டு முடிந்தாலும் இப்படியான படங்கள் முடியவில்லை. தண்ணீரில் ஓடும் கார், காந்தத்தால் ஓடும் மின்விசிறி, பில்லைப் பாதியாக்கும் சிறிய பெட்டி என்று கைத்தொலைபேசிக்கு வந்துகொண்டே இருக்கின்றன. யாராவது கொண்டுவந்தால் காசை எடுப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். சக்தி எங்கிருந்து உள்ளே வருகிறது? வெப்பம் எங்கே வெளியே போகிறது? கொடுப்பதையும் எடுப்பதையும் மீற்றர் வைத்து அளந்து காட்டுவீர்களா? முதற்கேள்வி முதலாம் விதி, இரண்டாவது இரண்டாம் விதி, மூன்றாவது சாதாரண வியாபார நேர்மை. மூன்றுக்கும் நேரான பதில் இல்லாவிட்டால் அந்தப் பெட்டியை வாங்க வேண்டாம்.

வெப்பவியக்கவியல் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்னால், இந்தத் தானாக ஓடும் ஜெனரேட்டரின் படத்தை வரையுங்கள். இது ஓடுமா என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். பாதிப் பேர் ஓடும் என்பார்கள். அங்கிருந்து பாடத்தைத் தொடங்குங்கள்.